உயர் கிடைப்புநிலைச் சேவையகக் கொத்தணிகளில் பல்பாதைச் சேமிப்பக அமைப்பு: காத்திருப்பும் வேலியிடலும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சேவையகத்திற்கும் அதன் தரவு தங்கியுள்ள சேமிப்பகத்திற்கும் இடையே ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளை அமைத்து, ஒன்று அறுந்தாலும் மற்றொன்றின் வழியே பணி தொடரச் செய்வது பல்பாதை நுட்பமாகும். தனித்த சேவையகம் ஒன்றில், பாதை மீளும்வரை பொறுமையாகக் காத்திருப்பதே தரவுக்குப் பாதுகாப்பு. பல சேவையகங்கள் ஒரே வட்டினைப் பகிரும் கொத்தணியில் அதே காத்திருப்பு தரவைச் சிதைக்கும் காரணியாக மாறக்கூடும். லினக்ஸ் இயங்குதளத்தின் டிவைஸ் மேப்பர் மல்டிபாத், பேஸ்மேக்கர் கொத்தணி மேலாண்மை மென்பொருள் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இம்முரண் எவ்வாறு தோன்றுகிறது என்பதையும், காலவரம்புகளின் ஒழுங்கு, வேலியிடல் ஆகிய இரண்டின் வழி அது எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பல்பாதை, சேமிப்பகப் பிணையம், கொத்தணி, பொறுப்புமாற்றம், வேலியிடல், நிலைத்த முன்பதிவு, காலவரம்பு.

முன்னுரை

வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவேடு, பல்கலைக்கழகத் தேர்வு முடிவு போன்ற இடையறாது கிடைக்க வேண்டிய சேவைகள் ஒற்றைச் சேவையகத்தை நம்பி நடத்தப்படுவதில்லை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சேவையகங்கள் ஒரு கொத்தணியாக இணைக்கப்படுகின்றன. கொத்தணியின் உறுப்பான ஒவ்வொரு சேவையகமும் கணு எனப்படும். ஒரு கணு செயலிழந்தால் அது நடத்திவந்த சேவையை மற்றொரு கணு ஏற்றுக்கொள்கிறது. இதனைப் பொறுப்புமாற்றம் எனலாம். பொறுப்பை ஏற்கும் கணுவுக்கும் அதே தரவு வேண்டும் என்பதால், தரவு கணுக்களுக்கு வெளியே, அனைத்துக் கணுக்களும் எட்டக்கூடிய பொதுச் சேமிப்பகத்தில் வைக்கப்படுகிறது.

இங்கு இரண்டு தனித்தனிப் பாதுகாப்பு ஏற்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. கீழ்நிலையில் பல்பாதை, பாதைப் பழுதை மறைக்கிறது. மேல்நிலையில் கொத்தணி, கணுப் பழுதை மறைக்கிறது. இரண்டும் தனித்தனியே சரியாக அமைக்கப்பட்டால் முழு அமைப்பும் சரியாக இயங்கும் என்னும் எண்ணம் இயல்பானதே. ஆயினும் அது முழு உண்மையன்று. ஒரு பழுதுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்னும் வினாவுக்கு இரு நிலைகளும் வெவ்வேறு விடைகளைக் கொண்டிருந்தால், ஒன்று மற்றொன்றின் முடிவைப் பொய்யாக்கிவிடும். அமைப்புக் கோப்பின் ஒவ்வொரு மதிப்பையும் இந்த நோக்கிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. ஒரு வட்டு நான்காகத் தோன்றுதல்

பல்பாதையின் அடிப்படையை ஓர் எளிய அமைப்பைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஒரு சேவையகத்தில் ஃபைபர் சேனல் இணைப்புக்கான ஹோஸ்ட் பஸ் அடாப்டர்கள் இரண்டு உள்ளன. அவை இரண்டு தனித்தனி ஸ்விட்சுகளோடு இணைகின்றன. சேமிப்பகத்தில் இரண்டு கட்டுப்படுத்திகள் உள்ளன. ஒவ்வொரு கட்டுப்படுத்தியும் இரு ஸ்விட்சுகளோடும் இணைந்துள்ளது. ஆக, சேவையகத்திலிருந்து ஒரே தருக்க வட்டினை அடைய நான்கு பாதைகள் உள்ளன.

லினக்ஸ் கெர்னலின் ஸ்கசி அடுக்கு ஒவ்வொரு பாதையையும் தனி வட்டாகவே காண்கிறது. எனவே எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி என நான்கு வட்டுகள் பட்டியலில் தோன்றுகின்றன. அவை நான்கும் ஒன்றே என்பதை அறிய, வட்டின் உலகளாவிய அடையாள எண் பயன்படுகிறது. சேமிப்பகம் ஒவ்வொரு தருக்க வட்டுக்கும் வழங்கும் இவ்வெண் எந்தப் பாதையில் கேட்டாலும் மாறுவதில்லை. மல்டிபாத் மென்பொருள் இவ்வெண் ஒத்த பாதைகளைத் தொகுத்து, அவற்றின்மேல் ஒற்றை மெய்நிகர் வட்டினை உருவாக்குகிறது. கோப்பு முறைமையும் தரவுத்தளமும் இம்மெய்நிகர் வட்டினையே பயன்படுத்த வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு கவனம் தேவை. எல்விஎம் போன்ற தொகுதி மேலாண்மை மென்பொருள், மெய்நிகர் வட்டிலும் அதன் அடியிலுள்ள நான்கு பாதைகளிலும் ஒரே அடையாளத்தைக் காண நேரும். அது தவறுதலாக ஒரு தனிப்பாதையைப் பற்றிக்கொண்டால், அப்பாதை அறும்போது மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை. பாதைகளை விலக்கி மெய்நிகர் வட்டினை மட்டும் ஏற்கும் வடிகட்டியை எல்விஎம் அமைப்பில் உறுதிசெய்வதும், தொடக்க நினைவகப் படிமத்தில் மல்டிபாத் அமைப்புக் கோப்பின் அண்மைய வடிவத்தைச் சேர்ப்பதும் இதனால் இன்றியமையாதன.

2. பாதைகளின் எண்ணிக்கையும் தற்சார்பும்

நான்கு பாதைகள் என்பது நான்கு மடங்கு பாதுகாப்பு என்று பொருள்படாது. பாதுகாப்பைத் தீர்மானிப்பது பாதைகள் ஒன்றையொன்று சாராதிருக்கும் தன்மையே. இரண்டு துறைகளும் ஒரே அடாப்டர் அட்டையில் இருந்தால் அந்த அட்டையின் பழுது நான்கு பாதைகளையும் ஒருசேர அறுக்கும். இரு ஸ்விட்சுகளும் ஒரே மின்வழங்கலில் இருந்தாலும் அவ்வாறே. இரு ஸ்விட்சுகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு ஒரே பிணையமாக இயங்கினால், ஒன்றில் செய்யப்படும் தவறான மண்டல அமைப்பு மற்றதற்கும் பரவும்.

எனவே அடாப்டர், ஸ்விட்ச், கட்டுப்படுத்தி, மின்வழங்கல், வடம் செல்லும் வழி ஆகிய ஐந்திலும் பொதுப்புள்ளி உண்டா எனக் காண்பது அமைப்புக் கோப்பை எழுதுவதற்கு முந்தைய பணியாகும். ஐஸ்கசி வழி இணையும் சேமிப்பகங்களில் இது மேலும் நுட்பமானது. ஐஸ்கசி ஈத்தர்நெட் பிணையத்தின்மீது இயங்குவதால், சேமிப்பகப் போக்குவரத்தும் கொத்தணியின் உட்செய்திகளும் ஒரே ஸ்விட்ச் வழியே செல்லும்படி அமைந்துவிடக்கூடும். அந்நிலையில் ஒரு பழுது, கணுவின் தரவுப் பாதையையும் பிற கணுக்களோடு பேசும் பாதையையும் ஒரே நேரத்தில் அறுக்கிறது. சேமிப்பகம் போய்விட்டதா, தான் தனித்துவிடப்பட்டதா என்பதைக் கணுவால் பிரித்தறிய இயலாமல் போகிறது.

3. பாதைக் குழுக்களும் முன்னுரிமையும்

எல்லாப் பாதைகளும் சமமானவை அல்ல. பெரும்பாலான நடுத்தரச் சேமிப்பகங்களில் ஒரு தருக்க வட்டுக்கு ஒரு கட்டுப்படுத்தியே உரிமையுடையது. மற்றைய கட்டுப்படுத்தியின் வழியும் வட்டினை எட்டலாம்; ஆனால் கோரிக்கை உள்ளிணைப்பின் வழியே உரிமையுடைய கட்டுப்படுத்திக்குக் கடத்தப்படுவதால் வேகம் குறையும். இச்சமமின்மையைச் சேவையகத்திற்கு அறிவிக்கும் நெறிமுறை அலுவா எனப்படுகிறது. அதன்படி உகந்த பாதைக்கு 50 என்றும் உகந்ததல்லாத பாதைக்கு 10 என்றும் மல்டிபாத் மென்பொருள் முன்னுரிமை மதிப்பு வழங்குகிறது. முன்னுரிமைப்படி குழுப்படுத்தும் கொள்கையைத் தேர்ந்தால், உகந்த இரு பாதைகள் ஒரு குழுவாகவும் ஏனைய இரண்டும் மற்றொரு குழுவாகவும் அமையும். முதற்குழு முழுதும் அற்றாலன்றி இரண்டாம் குழு பயன்படுவதில்லை.

ஒரு குழுவினுள் சுமையைப் பகிரும் முறைகளாகச் சுழல்முறை, வரிசை நீள முறை, சேவை நேர முறை ஆகியவை உள்ளன. அண்மைய பதிப்புகளில் சேவை நேர முறையே இயல்பமைவாகும்.

கொத்தணிக்கென்றே சிந்திக்கப்பட்ட ஓர் அமைப்பு, மீள்திரும்பல் பற்றியது. பழுதுற்ற முதற்குழு சீரானதும் உடனே அதற்குத் திரும்புவதா என்பதே இங்குள்ள வினா. தனித்த சேவையகத்தில் உடனே திரும்புவது நன்மையே. உரிமையை ஒரு கட்டுப்படுத்தியிலிருந்து மற்றதற்கு மாற்றும் வகையிலான சேமிப்பகத்தை இரு கணுக்கள் பகிரும்போது நிலைமை வேறு. முதற்கணு தன் பாதைகள் அறுந்ததால் வட்டின் உரிமையை இரண்டாம் கட்டுப்படுத்திக்கு மாற்றுகிறது. பழுதே இல்லாத இரண்டாம் கணு, உகந்த குழுவுக்குத் திரும்பும் நோக்கில் உரிமையை முதற்கட்டுப்படுத்திக்கே இழுக்கிறது. முதற்கணு மீண்டும் மாற்றுகிறது. இவ்வாறு உரிமை பந்துபோல் இங்குமங்கும் எறியப்பட, இரு கணுக்களின் பணியும் தேக்கமுறுகிறது. இதனைத் தவிர்க்கவே ஃபாலோஓவர் என்னும் மதிப்பு ஏற்படுத்தப்பட்டது. ஒரு குழுவின் முதற்பாதை பழுதிலிருந்து மீளும்போது மட்டுமே அது திரும்பலை அனுமதிக்கிறது. தன் பாதைகள் பழுதுறாத கணு, பிறிதொரு கணு செய்த மாற்றத்தை எதிர்த்து இழுப்பதில்லை.

4. பழுதைக் கண்டறியும் காலம்

பாதை அறுந்ததை அறிய எடுக்கும் நேரமே பின்வரும் அனைத்துக் கணக்குகளுக்கும் தொடக்கப்புள்ளியாகும். இது மூன்று இடங்களில் தீர்மானிக்கப்படுகிறது.

முதலாவது, பாதைச் சோதனை. மல்டிபாத் பின்புலச் செயலி ஒவ்வொரு பாதையையும் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கிறது. தொடக்க இடைவெளி 5 விநாடி. பாதை சீராக இருப்பதைக் காணக்காண அது படிப்படியாக நீண்டு, இயல்பமைவில் நான்கு மடங்கான 20 விநாடியை எட்டுகிறது. போக்குவரத்து இல்லாத பாதையின் பழுது இத்தனை நேரம் அறியப்படாதிருக்கலாம்.

இரண்டாவது, போக்குவரத்து அடுக்கின் காலவரம்பு. ஃபைபர் சேனலில் இணைப்பு அறுந்ததும் கெர்னல் உடனே பிழை தருவதில்லை. சிறிது நேரம் கோரிக்கைகளை நிறுத்திவைக்கிறது. விரைவுப் பிழைக் காலவரம்பு கடந்ததும் கோரிக்கைகள் மல்டிபாத் அடுக்குக்குத் திருப்பப்படுகின்றன. இதன் இயல்பமைவு 5 விநாடி. வட்டினையே பட்டியலிலிருந்து நீக்கும் காலவரம்பு வேறு. அது 600 விநாடி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது அடிக்கடி காணப்படும் குழப்பமாகும்.

ஐஸ்கசியில் நிலைமை வேறுபடுகிறது. 5 விநாடிக்கொருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பப்படுகிறது. 5 விநாடிக்குள் விடை வராவிடில் இணைப்பு அறுந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதன்பின் மாற்று இணைப்புக்காகக் காத்திருக்கும் காலம் இயல்பமைவில் 120 விநாடி. பல்பாதை இல்லாத சூழலுக்கு இந்நீண்ட காத்திருப்பு பொருந்தும். பல்பாதை உள்ளபோது மாற்றுப்பாதை அருகிலேயே இருக்க, இரண்டு மணித்துளிகளுக்கு மேல் பணி முடங்குகிறது. அதனை 5 விநாடி அளவுக்குக் குறைப்பது வழக்கமான பரிந்துரையாகும்.

மூன்றாவது, ஸ்கசிக் கட்டளையின் காலவரம்பு. வட்டுகளுக்கு இது இயல்பமைவில் 30 விநாடி. இணைப்பு அறாமல், ஆனால் விடையும் வராமல் பாதை மௌனமாகிவிடும் பழுதுகளில் இவ்வரம்பே செயல்படுகிறது. முற்றாக அறுந்த பாதையைவிட அரைகுறையாக இயங்கும் பாதை கொத்தணிக்கு மிகுந்த இடர் தருவதற்கு இதுவே காரணம். அடிக்கடி விழுந்தெழும் பாதையை விளிம்புநிலைப் பாதை எனக் குறித்து, சிறிது காலம் ஒதுக்கிவைக்கும் அமைப்புகள் இந்நோக்கில் சேர்க்கப்பட்டுள்ளன.

5. எல்லாப் பாதைகளும் அற்றபோது

இதுவரை கூறப்பட்டவை ஒரு பாதையேனும் எஞ்சியிருக்கும் நிலைக்கானவை. ஒன்றும் எஞ்சாதபோது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை நோ பாத் ரீட்ரை என்னும் அமைப்பு தீர்மானிக்கிறது. அதற்கு மூவகை மதிப்புகள் தரலாம். உடனே பிழை அறிவித்தல், பாதை மீளும்வரை எல்லையின்றி வரிசையில் காத்திருத்தல், குறிப்பிட்ட எண்ணிக்கைச் சோதனைகள் வரை காத்திருந்து பின் பிழை அறிவித்தல் என்பன அவை. எண்ணை மதிப்பாகத் தந்தால், காத்திருக்கும் நேரம் அவ்வெண்ணைச் சோதனை இடைவெளியால் பெருக்கிய அளவாகும். இடைவெளி 5 விநாடியாகவும் எண் 12 ஆகவும் இருந்தால் 60 விநாடி.

தனித்த சேவையகத்தில் எல்லையற்ற காத்திருப்பு தக்க தேர்வாகும். எழுத்துப் பிழை நேர்ந்தால் எக்ஸ்டி4 கோப்பு முறைமை படிப்பதற்கு மட்டுமேயான நிலைக்குச் செல்லக்கூடும். எக்ஸ்எஃப்எஸ் தன்னை நிறுத்திக்கொள்ளும். கட்டுப்படுத்தி மீளத்தொடங்கும் சில விநாடிகளுக்காக இந்த விளைவை ஏற்பதைவிடக் காத்திருப்பதே மேல். பாதை மீண்டதும் வரிசையிலிருந்த எழுத்துகள் வட்டினை அடையும். பயன்பாட்டு மென்பொருள் ஒரு தாமதத்தை மட்டுமே உணரும்.

கொத்தணியில் இதே மதிப்பு என்ன செய்கிறது என்பதைப் படிப்படியாகக் காணலாம். இரு கணுக்கள் உள்ள கொத்தணியில் முதற்கணு தன் எல்லாப் பாதைகளையும் இழக்கிறது. பிற கணுவுடனான தொடர்பு சீராகவே உள்ளது. எழுத்துகள் வரிசையில் சேர்கின்றன. கொத்தணியின் பார்வையில் கணு உயிருடன் உள்ளது. கோப்பு முறைமை ஏற்றப்பட்டுள்ளதா என்பதை மட்டும் கேட்கும் எளிய கண்காணிப்பு, ஏற்றப்பட்டுள்ளது என்றே விடை தரும். ஏனெனில் அது வட்டினைத் தொடுவதில்லை. சேவை முடங்கியிருக்க, கொத்தணி எல்லாம் நலம் என்று அறிவிக்கும். பேஸ்மேக்கரின் கோப்பு முறைமை வள முகவரில் சோதனை ஆழம் 10 எனில் படித்தும், 20 எனில் எழுதியும் பார்க்கும் வசதி இருப்பது இதற்காகவே.

ஆழ்ந்த சோதனை அமைக்கப்பட்டால், அச்சோதனையும் வரிசையில் மாட்டிக்கொண்டு காலவரம்பு கடந்து தோற்கும். கொத்தணி கோப்பு முறைமையை இறக்க முயலும். வட்டின் விடைக்காகத் தடைபட்ட செயல்களைக் கொல்லவும் இயலாது என்பதால் இறக்கமும் தோற்கும். நிறுத்தும் பணி தோற்ற கணுவை நம்ப இயலாது என்பது பேஸ்மேக்கரின் விதி. வேலியிடல் அமைக்கப்பட்டிருந்தால் கணு வெளியேற்றப்படும். அமைக்கப்படாதிருந்தால் அவ்வளம் அப்படியே முடக்கப்பட்டு, மனிதத் தலையீட்டுக்காகக் காத்திருக்கும்.

உண்மையான இடர் இக்கட்டத்தில்தான் உள்ளது. சேவையை விரைவில் மீட்கும் நோக்கில், நிருவாகி ஒருவர் இரண்டாம் கணுவில் அக்கோப்பு முறைமையை வலிந்து ஏற்றுகிறார் என்று கொள்ளலாம். சேவை மீள்கிறது, புதிய தரவு எழுதப்படுகிறது. சிறிது நேரத்தில் முதற்கணுவின் வடம் சரிசெய்யப்படுகிறது. அக்கணுவின் வரிசையில் இருந்த பழைய எழுத்துகளும், நினைவகத்தில் எழுதப்படாமல் தேங்கியிருந்த பக்கங்களும் அந்நொடியே வட்டில் இறங்குகின்றன. ஒரே நேரத்தில் ஒரே கணு எழுதும் என்னும் அடிப்படையில் உருவாக்கப்பட்ட கோப்பு முறைமை சிதைகிறது. பழுது நேர்ந்த கணத்தில் தரவுக்கு ஏதும் ஆகவில்லை. பழுது நீங்கிய கணத்திலேயே தரவு அழிகிறது. காத்திருப்பு எத்தனை நீண்டதோ அத்தனை பழையதாகின்றன அந்த எழுத்துகள்.

6. வேலியிடலும் நிலைத்த முன்பதிவும்

ஃபென்சிங் என்னும் வேலியிடல் இவ்விடரைத் தீர்க்கும் ஏற்பாடாகும். நம்பத்தகாத கணு பொது வட்டில் எழுத இயலாது என்பதை உறுதிசெய்த பின்னரே பொறுப்புமாற்றம் நிகழ வேண்டும் என்பது அதன் கொள்கை. கணுவின் மின்சாரத்தைத் துண்டிப்பது ஒரு வழி. மின்சாரம் போனதும் வரிசையும் நினைவகமும் சேர்ந்தே அழிவதால் பழைய எழுத்து என்பதே இல்லாமல் போகிறது.

மற்றொரு வழி, சேமிப்பகத்தையே நடுவராக்குவது. ஸ்கசி மூன்றாம் தலைமுறை நெறிமுறையின் நிலைத்த முன்பதிவு இதற்குப் பயன்படுகிறது. ஒவ்வொரு கணுவும் தனக்கே உரிய பதிவுச்சாவியை வட்டில் பதிகிறது. பதிவு பெற்றவர் மட்டுமே எழுதலாம் என்னும் வகை முன்பதிவு வட்டின்மீது வைக்கப்படுகிறது. ஒரு கணுவை வெளியேற்ற வேண்டின் பிற கணு அதன் சாவியை நீக்குகிறது. அதன்பின் வெளியேற்றப்பட்ட கணுவிலிருந்து எந்த எழுத்து வந்தாலும் சேமிப்பகம் முன்பதிவு முரண் என்னும் விடையோடு மறுத்துவிடும். இரு கணுக்களும் ஒன்றையொன்று ஒரே நேரத்தில் வெளியேற்ற முயன்றாலும், சேமிப்பகம் கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே ஏற்பதால் முந்தியவரே எஞ்சுவார்.

பல்பாதையும் முன்பதிவும் சந்திக்கும் இடம் நுட்பமானது. பதிவு என்பது கணுவுக்குரியதன்று, பாதைக்குரியது. ஒரு பாதையில் மட்டும் சாவியைப் பதிந்தால், போக்குவரத்து மற்றொரு பாதைக்கு மாறியதும் நலமாக உள்ள கணுவின் எழுத்தே மறுக்கப்படும். இரு கணுக்கள், கணுவுக்கு நான்கு பாதைகள் எனில் எட்டுப் பதிவுகள் இருத்தல் வேண்டும். எம்பாத்பெர்சிஸ்ட் என்னும் கருவி மெய்நிகர் வட்டுக்கு வரும் பதிவுக் கோரிக்கையை எல்லாப் பாதைகளுக்கும் விரித்து அனுப்புகிறது. அறுந்து மீண்ட பாதையில் சாவியை மீளப் பதிவதும் பின்புலச் செயலியின் பொறுப்பே. அதற்குமுன் அச்சாவி வட்டில் இன்னும் உள்ளதா என்று அது பார்க்கிறது. நீக்கப்பட்டிருந்தால் பதிவதில்லை. இச்சோதனை இல்லாவிடில், வெளியேற்றப்பட்ட கணு தன் வடம் சீரானதும் தானே உள்நுழைந்துவிடும். ஃபென்ஸ் எம்பாத் முகவரைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு கணுவின் மல்டிபாத் அமைப்புக் கோப்பிலும் வெவ்வேறு சாவியைக் குறிப்பிட வேண்டும். கோப்பை ஒரு கணுவிலிருந்து மற்றதற்கு அப்படியே படியெடுத்தால் இரு கணுக்களும் ஒரே சாவியைப் பெற்று, வேலி பெயரளவில் மட்டும் இருக்கும்.

முன்பதிவு முரணைப் பாதைப் பழுதாகக் கருதலாகாது என்பதும் முக்கியமானது. டிவைஸ் மேப்பர் அவ்விடையைப் பெற்றதும் வேறு பாதையில் முயலாமல் பிழையை மேலே அனுப்பிவிடுகிறது. எனினும் இவ்வேலி எழுத்தை மட்டுமே தடுக்கிறது. கணு தொடர்ந்து இயங்குகிறது. நினைவகத்தில் உள்ள பழைய தரவைக் கொண்டு பயனருக்கு விடையளிக்கவும் அதனால் இயலும். எனவே முன்பதிவு வேலியோடு, சாவி நீங்கியதைக் கண்டதும் கணுவை மீளத் தொடக்கும் வாட்ச்டாக் ஏற்பாட்டையும் இணைப்பது முறையாகும்.

7. காலவரம்புகளின் ஒழுங்கு

வேலியிடல் தரவைக் காக்கிறது. சேவை எவ்வளவு விரைவில், எவ்வளவு குறைந்த இழப்பில் மீள்கிறது என்பதைக் காலவரம்புகளின் ஒழுங்கு தீர்மானிக்கிறது. கீழடுக்கு தன் முயற்சியை முடித்துக்கொண்ட பின்னரே மேலடுக்கு முடிவெடுக்க வேண்டும் என்பதே அவ்வொழுங்கின் சாரம். கீழிருந்து மேலாக அது பின்வருமாறு அமையும்:

1. ஒரு பாதையின் பழுதைக் கண்டறியும் நேரம்.
2. சேமிப்பகக் கட்டுப்படுத்தி பொறுப்பு மாற எடுக்கும் நேரம்.
3. எல்லாப் பாதைகளும் அற்றபின் காத்திருக்கும் நேரம்.
4. கொத்தணி முகவரின் கண்காணிப்புக் காலவரம்பு.
5. நிறுத்துதல், வேலியிடல் ஆகியவற்றின் காலவரம்பு.

ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைவிட நீண்டிருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, கோப்பு முறைமை முகவரின் விவரக்குறிப்பு பரிந்துரைக்கும் கண்காணிப்புக் காலவரம்பு 40 விநாடி. நிறுத்தும் காலவரம்பு 60 விநாடி. சோதனை இடைவெளி 5 விநாடியாகவும் நோ பாத் ரீட்ரை 4 ஆகவும் இருந்தால் காத்திருப்பு 20 விநாடி. கண்டறியும் 5 விநாடியைச் சேர்க்க 25 விநாடி. கண்காணிப்பு, தன் காலவரம்புக்குள்ளேயே தெளிவான பிழையைப் பெறுகிறது. வரிசை கலைந்துவிட்டதால் செயல்கள் தடைபடாமல் முடிகின்றன. கோப்பு முறைமையை இறக்கவும் வாய்ப்புண்டு. கணுவை வெளியேற்றாமலே பொறுப்பு மாறக்கூடும். சேமிப்பகத்தின் கட்டுப்படுத்தி மாற்றத்திற்கு 20 விநாடிக்கு மேல் ஆகும் என்றால் காத்திருப்பையும் அதற்கேற்பக் கண்காணிப்புக் காலவரம்பையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் உயர்த்தினால் ஒழுங்கு குலையும்.

மறுமுனையில், காத்திருப்பே இன்றி உடனே பிழை அறிவிப்பதும் தீர்வாகாது. கட்டுப்படுத்தி மாறும் இடைவெளியில் இரு கணுக்களும் ஒருசேரப் பாதைகளை இழக்கும். இரண்டிலும் பிழை எழுந்தால் பொறுப்பை ஏற்க எவரும் எஞ்சார். எனவே கொத்தணிக்கு ஏற்றது, எல்லையுள்ள காத்திருப்பே.

எஸ்பிடி எனப்படும் வட்டுவழி வேலியிடலில் இவ்வொழுங்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்கு வெளியேற்றும் ஆணையே பொது வட்டில் எழுதப்படுகிறது. இலக்குக் கணு அதைப் படித்துத் தன்னை மீளத் தொடக்குகிறது. வாட்ச்டாக் காலவரம்பின் இயல்பமைவு 5 விநாடி. பாதைச் சோதனையின் உச்ச இடைவெளியோ 20 விநாடி. இம்மதிப்புகளை அப்படியே விட்டால், மல்டிபாத் மாற்றுப்பாதையைத் தேர்வதற்குள் நலமுள்ள கணுவே மீளத் தொடங்கிவிடக்கூடும். வாட்ச்டாக் வரம்பு அவ்வுச்ச இடைவெளியைவிட மிகுந்திருக்க வேண்டும். ஆணை நிறைவேறக் காத்திருக்கும் காலம் வாட்ச்டாக் வரம்பின் இருமடங்காக வேண்டும். கொத்தணியின் வேலியிடல் காலவரம்பு அதைவிட ஐந்தில் ஒரு பங்கேனும் கூடுதலாக வேண்டும். வாட்ச்டாக் 30 எனில் முறையே 60, 72 விநாடிகள். இதன் விலை, பொறுப்புமாற்றம் ஒரு மணித்துளியேனும் தாமதமாவது. இவ்விலையை அறிந்தே ஏற்க வேண்டும்.

ஆரக்கிள் ரியல் அப்ளிகேஷன் கிளஸ்டர் போன்று எல்லாக் கணுக்களும் ஒரே நேரத்தில் எழுதும் அமைப்புகளிலும் இதே விதி பொருந்தும். அங்கு வாக்கு வட்டுக்கான காலவரம்பு இயல்பமைவில் 200 விநாடி. லினக்ஸில் கணுக்களிடைச் செய்திக்கான வரம்பு 30 விநாடி. மல்டிபாத்தின் முழு முயற்சியும் வாக்கு வட்டின் வரம்புக்குள் அடங்காவிடில், பாதைப் பழுது கணுவின் வெளியேற்றமாக முடியும்.

8. கணுக்களுக்கிடையே ஒருமை

மெய்நிகர் வட்டுகளுக்கு எம்பாத்ஏ, எம்பாத்பி என எளிய பெயர்களை மென்பொருள் தானே இடுகிறது. இப்பெயர்கள் ஒவ்வொரு கணுவிலும் வட்டுகள் கண்டறியப்பட்ட வரிசையைப் பொறுத்தவை. முதற்கணுவில் எம்பாத்ஏ என வழங்கும் வட்டு இரண்டாம் கணுவில் எம்பாத்பி ஆகலாம். கொத்தணி அமைப்பு அனைத்துக் கணுக்களுக்கும் பொதுவானது என்பதால், பொறுப்பு மாறும்போது தவறான வட்டு ஏற்றப்படும் இடர் உண்டு. உலகளாவிய அடையாள எண்ணையே பெயராகக் கொள்வதோ, அவ்வெண்ணுக்கு ஒரு மாற்றுப்பெயரைக் குறித்து அதே குறிப்பை எல்லாக் கணுக்களிலும் இடுவதோ இதற்குத் தீர்வாகும். ஆக, அமைப்புக் கோப்பில் எல்லாக் கணுக்களிலும் ஒன்றாக இருக்க வேண்டியவை பெயரும் காலவரம்பும் கொள்கையும். வேறாக இருக்க வேண்டியது பதிவுச்சாவி ஒன்றே.

9. சோதனையும் கண்காணிப்பும்

பல்பாதை தன் பணியைச் செவ்வனே செய்யும்போது பழுதை மறைத்துவிடுகிறது. நான்கு பாதைகளுள் மூன்று அறுந்த நிலையிலும் பயனர் வேறுபாடு உணர்வதில்லை. எனவே உயிருள்ள பாதைகளின் எண்ணிக்கை தனியே கண்காணிக்கப்பட வேண்டும். எதிர்பார்த்த எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் எச்சரிக்கை எழுதல் வேண்டும்.

செயல்பாட்டுக்குக் கொண்டுவருமுன் சோதிக்க வேண்டியவை வரிசையாக உள்ளன. ஒரு வடத்தைக் கழற்றுதல், ஒரு ஸ்விட்சை நிறுத்துதல், ஒரு கட்டுப்படுத்தியை மீளத் தொடக்குதல், ஒரு கணுவின் எல்லாப் பாதைகளையும் அறுத்தல், கணுக்களிடைத் தொடர்பை மட்டும் அறுத்தல் என்பன அவை. ஒவ்வொன்றிலும் எழுத்துப் பணி நடந்துகொண்டிருக்க, முடக்கத்தின் நேரத்தை அளந்து கணக்கிட்ட நேரத்தோடு ஒப்பிட வேண்டும். இவற்றுள் பெரிதும் விடுபடுவது, எல்லாப் பாதைகளும் அறுந்து பொறுப்பு மாறிய பின்னர்ப் பாதைகளை மீள இணைக்கும் சோதனையாகும். ஐந்தாம் பகுதியில் கண்டவாறு தரவு அழியும் கணம் அதுவே. அச்சோதனையில் பழைய கணுவின் எழுத்துகள் மறுக்கப்படுவதைக் கண்ட பின்னரே வேலி உண்மையானது எனக் கொள்ளலாம்.

10. என்விஎம்இ வழங்கும் மாற்றம்

என்விஎம்இ வகை வட்டுகளுக்கெனப் பல்பாதை வசதி லினக்ஸ் கெர்னல் 4.15 பதிப்பு முதல் அதன் இயக்கியிலேயே இடம்பெற்றது. பாதைகள் தனித்தனி வட்டுகளாகத் தோன்றாமல் தொடக்கத்திலேயே ஒன்றாகத் தெரிகின்றன. அலுவாவுக்கு இணையாக ஏஎன்ஏ என்னும் நெறிமுறை உள்ளது. கட்டுப்படுத்தியை இழந்ததாகக் கொள்ளும் காலவரம்பு இங்கும் இயல்பமைவில் 600 விநாடி. கருவி மாறியிருப்பினும், எல்லாப் பாதைகளும் அற்றபோது எவ்வளவு காத்திருப்பது, மீண்டும் வரும் எழுத்தை யார் தடுப்பது என்னும் இரு வினாக்களும் அவ்வாறே தொடர்கின்றன.

முடிவுரை

பல்பாதை நுட்பம் பாதைப் பழுதுக்கான விடை. கொத்தணி கணுப் பழுதுக்கான விடை. எல்லாப் பாதைகளும் அறும் நிலையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அந்நிலையில் தனித்த சேவையகத்திற்கு நன்மை தரும் எல்லையற்ற காத்திருப்பு, கொத்தணியில் சேவையை முடக்குவதோடு, வேலியிடல் இல்லாதவிடத்துத் தரவையும் சிதைக்கிறது. எனவே காத்திருப்புக்கு எல்லை வகுத்தல், அவ்வெல்லையைக் கொத்தணியின் காலவரம்புகளுக்குள் அடக்குதல், எல்லாப் பாதைகளிலும் பதியப்பட்ட முன்பதிவாலோ மின்துண்டிப்பாலோ பழைய எழுத்தைத் தடுத்தல், பாதை மீளும் கணத்தையும் சோதித்தல் ஆகிய நான்கும் ஒருசேர அமைய வேண்டும். இவற்றுள் வேலியிடலை விடுத்துக் காலவரம்பை மட்டும் சீரமைத்தால் சேவை விரைவாக மீளும். ஆனால் மீண்ட சேவையின் தரவு நம்பத்தக்கதா என்பதற்கு உறுதி இராது. பாதைகளைப் பெருக்குவது கிடைப்புநிலையின் தொடக்கம் மட்டுமே. எழுதும் உரிமை எந்நேரத்திலும் யாரிடம் உள்ளது என்பதை ஐயமின்றி நிறுவும்போதே அது நிறைவுறுகிறது.